முகத்துக்குப் பின்னால் இருப்பதைப் பாருங்கள்: மறுமலர்ச்சிக் கால வெண்கலப் பதக்கங்கள்

கேள்வி: பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலியச் சிற்றரசர்கள் தங்கள் முகத்தை வெண்கலத்தில் வார்த்துப் பலருக்கும் அனுப்பினார்கள் என்று படித்தேன். இதைக் கலை என்பதா, அரசியல் விளம்பரம் என்பதா? எப்படிச் செய்தார்கள்? இன்று ஒரு பதக்கம் பார்வைக்கு வந்தால் அதை எப்படிப் படிப்பது, பழையதுதான் என்று எதை வைத்துச் சொல்வது?

பதில்:

முதலில் இது எது இல்லை என்று சொல்லிவிடுகிறேன். வென்றவர் கழுத்தில் மாட்டும் பதக்கம் இல்லை. நாணயமும் இல்லை, முகமதிப்பு கிடையாது, கடையில் செல்லாது. பெரும்பாலும் 5 முதல் 11 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள வெண்கல வட்டு. முன்பக்கம் ஒருவரின் பக்கவாட்டு முகம், அதைச் சுற்றிப் பெயரும் பட்டமும். பின்பக்கம் ஒரு காட்சி அல்லது சின்னம். நாணயம் அடிக்க அரசுரிமை வேண்டும். பதக்கம் வார்க்க யாருடைய அனுமதியும் வேண்டாம். மெழுகில் உருவம் செய்யத் தெரிந்த ஒரு கலைஞரும் ஓர் உலையும் போதும். அதனால் நாணயத்தில் சொல்ல முடியாததையெல்லாம் இதில் சொல்ல முடிந்தது.

கலையா, விளம்பரமா என்று பிரித்துக் கேட்பதைவிட, யார் இதைச் செய்யச் சொன்னார்கள் என்று கேட்டால் விஷயம் சீக்கிரம் பிடிபடும். இந்த வடிவத்தை உருவாக்கிய இத்தாலிய ஓவியர் பிசனெல்லோவின் பதக்கங்களில் இருக்கும் பெயர்களைப் பாருங்கள். ஃபெராராவின் லியோனெல்லோ தெஸ்தே, ரிமினியின் சிகிஸ்மொண்டோ மலதெஸ்தா, கூலிப்படைத் தலைவர் ஃபிரான்செஸ்கோ ஸ்ஃபோர்ஸா: மூவரும் மணவுறவுக்கு வெளியே பிறந்தவர்கள். நேபிள்ஸ் மன்னர் அல்ஃபோன்சோ அந்த நாட்டை 1442இல் போரிட்டுப் பிடித்தவர். பிற்பாடு வந்த மெடிச்சிகளுக்கோ ஃபிளாரன்ஸில் அரச பட்டமே கிடையாது. காகிதத்தில் அவர்கள் வெறும் குடிமக்கள். உரிமை ஆட்டம் காணும் இடத்தில்தான் பதக்கம் மிகுதியாகப் பிறந்தது என்பது என் கணிப்பு. சந்தேகமே இல்லாத வாரிசுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை.

இந்த வடிவம் தொடங்கிய இடம் ஓரளவு தெளிவானது. முன்னோடிகள் உண்டு: படுவாவை மீட்டதைக் கொண்டாட கர்ராரா குடும்பம் 1390இல் ரோமானிய நாணயத்தைப் பார்த்துச் சிறிய பதக்கங்களை அடித்தது, பிரான்சில் பெர்ரி கோமகன் 1402 வாக்கில் கான்ஸ்டன்டைன், ஹெராக்ளியஸ் உருவங்கள் கொண்ட பெரிய பதக்கங்களை வாங்கினார். ஆனால் உயிரோடிருக்கும் ஒருவரின் முகம், பெரிய அளவு, பின்பக்கத்தில் தனிக்காட்சி என்ற முழு வடிவம் பிசனெல்லோவிடமிருந்துதான் வருகிறது. கிழக்கு மேற்குத் திருச்சபைகளை இணைக்க 1438இல் ஃபெராராவில் மாநாடு கூடி அடுத்த ஆண்டு ஃபிளாரன்ஸுக்கு மாறியது. துருக்கியருக்கு எதிராக மேற்கின் படையுதவி தேடிப் பைசான்டியப் பேரரசர் எட்டாம் ஜான் பாலியோலோகஸ் நேரில் வந்திருந்தார். அவரைப் பார்த்து வரைந்துகொண்ட பிசனெல்லோ, சுமார் 10 சென்டிமீட்டர் குறுக்களவில் அந்தப் பதக்கத்தைச் செய்தார்.

முன்பக்கத்தில் முகத்தைவிட முதலில் கண்ணில் படுவது தொப்பி. முன்னால் அலகுபோல் கூராக நீண்ட விளிம்பு, மேலே குவிந்த கூம்பு. அதன் கீழே சுருள் சுருளாக இறங்கும் முடி, கூரான தாடி. சுற்றிலும் கிரேக்க எழுத்தில் 'ரோமானியரின் மன்னரும் பேரரசருமான ஜான் பாலியோலோகஸ்'. இத்தாலி மண்ணில், போப்பின் விருந்தாளியாக இருக்கும்போதே, ரோமானியப் பேரரசர் என்ற பட்டம் கிரேக்கத்தில் நிற்கிறது. பின்பக்கத்தில் அதே தொப்பியோடு அவர் வேட்டைக்குப் புறப்பட்டிருக்கிறார். வழியில் ஒரு சிலுவையைப் பார்த்துக் குதிரையை நிறுத்திக் கைகூப்புகிறார். பக்கத்தில் பணியாள் ஒருவன் குதிரையில், நமக்கு முதுகைக் காட்டியபடி. கலைஞரின் கையெழுத்து லத்தீன், கிரேக்கம் இரண்டிலும் உள்ளது: 'ஓவியர் பிசானோவின் படைப்பு' (பிசானோ என்பதும் பிசனெல்லோவின் பெயர்தான்). இரு திருச்சபைகள் சேரப்போகின்றன என்ற நம்பிக்கை, இரு மொழிக் கையெழுத்திலேயே தெரிகிறது. இணைப்பு ஆணை 1439 ஜூலையில் வெளியானது, நடைமுறையில் நிலைக்கவில்லை. 1453இல் கான்ஸ்டான்டினோபிள் வீழ்ந்தது. தொப்பி மட்டும் நிலைத்தது: பியெரோ தெல்லா ஃபிரான்செஸ்கா, அரெட்ஸோ சுவரோவியத்தில் கான்ஸ்டன்டைன் மன்னருக்கு இதே தொப்பியைத்தான் அணிவித்தார்.

இப்போது ஸ்ஃபோர்ஸாவின் பதக்கம். 1441 வாக்கில் செய்தது. எழுத்தைப் படித்தால் 'ஃபிரான்செஸ்கோ ஸ்ஃபோர்ஸா விஸ்கொண்டி, மார்கிஸ், கோமான், கிரெமோனாவின் தலைவர்' என்று வருகிறது. விஸ்கொண்டி அவர் பிறந்த குடும்பம் இல்லை. மிலானை ஆண்ட மாமனார் வீட்டுப் பெயர். அந்த ஆண்டுதான் விஸ்கொண்டி கோமகனின் மகளை மணந்தார். கிரெமோனா சீதனமாக வந்தது. பின்பக்கத்தில் குதிரைத் தலை, வாள், மூன்று புத்தகங்கள். போர்வீரன் படித்தவனும்கூட என்கிறது சின்னம். ஆனால் கனமான வேலை பின்பக்கத்தில் நடக்கவில்லை, முன்பக்கத்தில் நுழைந்த அந்த ஒரு குடும்பப் பெயரில் நடக்கிறது. மாமனார் இறந்து, இடையில் மிலான் குடியரசாகி, 1450இல் ஸ்ஃபோர்ஸா அங்கே கோமகனாக நுழைந்தார். ஒன்பது ஆண்டுகள் முன்னமே வெண்கலம் அதற்குத் துண்டு போட்டு வைத்துவிட்டது.

லியோனெல்லோவின் 1444 திருமணப் பதக்கமும் இந்த வகைதான். பின்பக்கத்தில் ஒரு சிங்கத்துக்குக் குட்டி மன்மதன் இசைச்சுருளைப் பிடித்துப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறான். லியோனெல்லோ என்றால் குட்டிச் சிங்கம். காதல் சிங்கத்தைப் பாடவைத்துவிட்டது. படம் இனிமையானது, எல்லா நூல்களிலும் இதைத்தான் அச்சடிப்பார்கள். அரசியல் முன்பக்கத்தில் உள்ள சுருக்கெழுத்தில் இருக்கிறது: 'கெ ஆர் ஆர்', அதாவது அரகான் மன்னரின் மருமகன். மணப்பெண் மரியா அல்ஃபோன்சோ மன்னரின் மகள். அவளும் மணவுறவுக்கு வெளியே பிறந்தவள். மணப்பெண்ணின் பெயர் பதக்கத்தில் கிடையாது. மாமனாரின் பட்டம் உண்டு.

செசிலியா கொன்சாகாவின் பதக்கம் எனக்கு இவை எல்லாவற்றிலும் சிறந்தது. அதே சமயம் கொஞ்சம் நெருடலானதும். பின்பக்கத்தில் அரைநிர்வாணமாக ஒரு பெண், ஆட்டைப்போல் நீண்ட மயிருள்ள ஒற்றைக்கொம்பு விலங்கின் தலைமேல் கை வைத்து உட்கார்ந்திருக்கிறாள். வானில் பிறை. ஒரு கல்தூணில் கலைஞரின் பெயர், ஆண்டு 1447. கன்னியிடம் மட்டுமே அடங்கும் விலங்கு, கன்னித் தெய்வம் டயானாவின் பிறை என்று எல்லாம் ஒரே பொருளைச் சொல்கின்றன. செசிலியா கிரேக்கம் கற்றவள். தந்தை பார்த்த திருமணத்தை மறுத்து, அவர் இறந்தபின் 1445இல் கன்னிமடத்தில் சேர்ந்தாள். பதக்கத்தில் துறவி உடை இல்லை. அரசவை உடையும் கொண்டையும்தான். எழுத்து: 'கன்னி செசிலியா, மாந்துவாவின் முதல் மார்கிஸ் ஜொவான்னி ஃபிரான்செஸ்கோவின் மகள்'. அந்த மார்கிஸ் பட்டம் 1433இல் பேரரசர் சிகிஸ்முண்டிடம் பணம் கொடுத்துப் பெற்றது. தந்தையை எதிர்த்து நின்ற மகளின் துறவு, தந்தையின் புதுப் பட்டத்தை நினைவூட்டும் பலகையாகிவிட்டது. வெளியில் தெரியும் அழகுக்கும் உள்ளே நடக்கும் வேலைக்கும் இவ்வளவு தூரம் உள்ள பதக்கம் குறைவு.

ஆக, படிக்கும் முறை இது. பட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அந்த ஆண்டில் அது கையில் இருந்ததா, வாங்கியதா, விரும்பியதா என்று பாருங்கள். 'டீவுஸ்' என்று கண்டால் கவனியுங்கள். இறந்து தெய்வமாக்கப்பட்ட ரோமப் பேரரசருக்கு நாணயத்தில் போடும் அடைமொழி அது. 1449 பதக்கத்தில் அல்ஃபோன்சோ உயிரோடு இருக்கும்போதே அதைப் போட்டுக்கொண்டார். அதன் பின்பக்கத்தில் இரையின்மேல் நிற்கும் கழுகு, சுற்றிலும் பங்குக்குக் காத்திருக்கும் சிறு பறவைகள், மேலே 'பேரரசுக்குரிய கொடை' என்ற சொற்கள். நேபிள்ஸின் நிலப்பிரபுக்களுக்கு இது புரியாமல் போயிருக்காது: கிடைக்கும், ஆனால் நான் உண்டபிறகு.

அப்புறம், பொறித்த ஆண்டை வார்த்த ஆண்டு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மலதெஸ்தாவுக்கு மத்தேயோ தே பாஸ்தி செய்த பல பதக்கங்களில் 1446 என்று இருக்கிறது. அது ரிமினிக் கோட்டை முடிந்த ஆண்டைக் கொண்டாடுகிறது. வார்ப்புகளில் பல அதற்குப் பிந்தியவை. இந்த மலதெஸ்தா தன் பதக்கங்களைக் கோட்டைச் சுவருக்குள்ளும் அடித்தளத்திலும் வைத்துப் பூசச் சொன்னார். பின்னாளில் சுவரை உடைத்தபோது அவை கிடைத்தன. கர்தினால் பியெத்ரோ பார்போவும், பிறகு இரண்டாம் பவுல் என்ற பெயரில் போப்பான பின்னும், தன் பதக்கங்களை ரோம் அரண்மனைச் சுவர்களில் மண்சிமிழில் போட்டுப் புதைத்தார். இங்கே வாசகர் சமகாலத்தவர் இல்லை. கட்டடம் இடிந்தபின் வரப்போகிறவர். தே பாஸ்தியின் இன்னொரு பதக்கம் இந்தத் திட்டத்தைத் தாண்டியும் பயன்பட்டது. ரிமினியில் அல்பெர்ட்டி வடிவமைத்த தேவாலயத்தை ஒரு பெரிய குவிமாடத்தோடு அது காட்டுகிறது. பணமும் அதிகாரமும் தீர்ந்து குவிமாடம் எழவேயில்லை. கட்டிடக் கலை வரலாற்றாளர்களுக்கு அல்பெர்ட்டி மனத்தில் இருந்ததற்கு அந்த 4 சென்டிமீட்டர் வெண்கலம்தான் முக்கியச் சான்று.

ஒரு கொலையைப் பற்றிய பதக்கமும் உண்டு. 1478 ஏப்ரல் 26, ஃபிளாரன்ஸ் பேராலயத்தில் பூசை நடக்கும்போது பாட்ஸி குடும்பத்தாரும் கூட்டாளிகளும் ஜூலியானோ தே மெடிச்சியைக் குத்திக் கொன்றார்கள். அண்ணன் லொரென்ஸோ காயத்தோடு தப்பினார். பெர்தோல்டோ தி ஜொவான்னி அதே ஆண்டு சுமார் 6.5 சென்டிமீட்டரில் ஒரு பதக்கம் வடித்தார். பின்பக்கம் என்று ஒன்று இல்லை: ஒருபுறம் லொரென்ஸோ, மறுபுறம் ஜூலியானோ. பெரிய தலை, பேராலயத்தின் எண்கோணப் பாடகர் மேடைமேல் உட்கார்ந்திருப்பதுபோல் நிற்கிறது. மேடைக்குள் குருக்கள் பூசையைத் தொடர்கிறார்கள். வெளியே விரல் நகத்தைவிடச் சிறிய உருவங்கள் வாளோடு மோதுகின்றன. லொரென்ஸோ பக்கம் 'பொதுமக்களின் நலம்', ஜூலியானோ பக்கம் 'பொதுமக்களின் துயரம்'. ஒரு குடும்பத்தின்மேல் விழுந்த அடியை நகரத்தின்மேல் விழுந்ததாக மாற்ற இந்தச் சொற்கள் போதும். இல்லாததையும் எண்ணிப் பாருங்கள்: பாட்ஸி என்ற பெயர் இல்லை, பின்னணியில் இருந்த போப் நான்காம் சிக்ஸ்டஸ் இல்லை, அன்று மாலையே அரசவை மாளிகைச் சன்னல்களில் தொங்கவிடப்பட்ட பேராயரும் மற்றவர்களும் இல்லை. பழிவாங்கல் முழுவதும் வெளியே தள்ளப்பட்டிருக்கிறது. இதன் வார்ப்பு வேலையில் பிராட்டோவிலிருந்த குவாட்ஸலோட்டி என்பவருக்கும் பங்கு உண்டு. உருவம் செய்பவரும் உலோகம் ஊற்றுபவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை.

செய்தி தவறிப்போகவும் செய்யும். 1519இல் ஆன்ட்வெர்ப்பில் ஓவியர் குவென்டின் மெட்சிஸ், அறிஞர் எராஸ்மஸுக்கு 10 சென்டிமீட்டர் பதக்கம் ஒன்று செய்தார். முன்பக்கத்தில் 'இதைவிட நல்ல உருவத்தை என் எழுத்துகள் காட்டும்' என்று கிரேக்கத்தில் ஓர் அடக்கமான வரி. பின்பக்கத்தில் எல்லைத் தெய்வம் டெர்மினஸின் தலை, 'நான் யாருக்கும் வழிவிடுவதில்லை' என்ற வாசகம். எல்லைக்கல் பேசுகிறது, அதாவது மரணம் பேசுகிறது என்பது அவர் கணக்கு. எதிரிகளோ எராஸ்மஸே அப்படிச் சொல்லிக்கொள்வதாகப் படித்துத் திமிர் என்றார்கள். 1528இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் செயலர் அல்ஃபோன்சோ வால்டெஸுக்கு நீண்ட விளக்கக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. ஓரத்தில் 'மரணமே எல்லாவற்றுக்கும் கடைசிக் கோடு' என்று பொறித்திருந்தும் காப்பாற்றவில்லை. வட்டில் இடம் குறைவு. ஒரு முகத்தோடு ஒரு தன்னிலை வாக்கியம் சேர்ந்தால், பேசுவது அந்த முகம்தான் என்று கண் முடிவுகட்டிவிடும்.

அந்தப் பதக்கத்தில் வார்ப்புச் சிக்கலும் இருந்தது. நியூரம்பெர்க்கில் மறுபடி வார்க்க முயன்றபோது முகம் சரியாக விழவில்லை. நண்பர் பிர்க்ஹைமருக்கு எழுதிய கடிதத்தில் எராஸ்மஸ் காரணம் ஊகிக்கிறார்: பின்பக்கத்து டெர்மினஸின் தலையும் கழுத்தும் தடிமனாக இருப்பதுதான் முன்பக்க முகத்தைக் கெடுக்கிறது. உலைக்காரர் இல்லாவிட்டாலும் சரியாகத்தான் சொன்னார். முகத்தின் புடைப்புக்கு நேர் பின்னே இன்னொரு புடைப்பு வந்தால் அந்த இடத்தில் உலோகம் திரண்டு நிற்கும். விளிம்பு முதலில் உறைந்துவிடும்; நடு கடைசியில் உறையும்போது சுருங்கும், இழுத்துக்கொள்ள வெளியிலிருந்து உலோகம் கிடைக்காது. விளைவு, கன்னத்திலோ மூக்கிலோ பள்ளம். முன்பக்கம் உயரும் இடத்தில் பின்பக்கத்தைத் தட்டையாக வைப்பதே வழி. பிசனெல்லோவின் பின்பக்கங்களில் இவ்வளவு வெற்றுவெளி இருப்பதற்கு அழகுணர்ச்சி மட்டும் காரணம் இல்லை என்பேன்.

செய்முறைக்கு வருகிறேன். சிலேட்டு, கண்ணாடி அல்லது மர வட்டின்மேல் கவராயத்தால் இரண்டு வட்டங்கள் கீறிக்கொள்வார்கள். எழுத்து அந்த இரண்டுக்கும் நடுவே ஓடும். மேலே மெழுகில் உருவத்தைக் கட்டுவார்கள். பதினாறாம் நூற்றாண்டு ஃபிளாரன்ஸ் பொற்கொல்லர் செல்லினி தரும் கலவை: சுத்தமான வெள்ளை மெழுகு, அதில் பாதி அளவு நன்றாக அரைத்த வெள்ளை ஈயப் பொடி, கொஞ்சம் தெளிந்த டர்பன்டைன். ஈயப்பொடி மெழுகை ஒளி ஊடுருவாமல் செய்வதால் மெல்லிய மேடுபள்ளமும் நிழலாகத் தெரியும். அது விஷம், இன்று செய்து பார்ப்பவர்கள் தொடக்கூடாது. முன்பக்கத்துக்கு ஒரு மாதிரி, பின்பக்கத்துக்குத் தனி மாதிரி. ஜெர்மானியர் வழி வேறு: ஆக்ஸ்பர்க், நியூரம்பெர்க் கைவினைஞர்கள் பெட்டிமரத்திலோ மென்மையான சுண்ணக்கல்லிலோ செதுக்கினார்கள். இத்தாலிய முகங்களில் மெழுகின் இழைவும், ஜெர்மானியத் தாடிகளில் உளியின் கூர்மையும் இருப்பது இதனால்தான்.

மாதிரியை மென்மையான வார்ப்பு மண்ணில் அழுத்தி எடுப்பார்கள். இங்கேதான் பக்கவாட்டு முகம் கைகொடுக்கிறது. ரோமானிய நாணயத்தின் கௌரவம் ஒரு பக்கம் இருக்கட்டும். நேர்முகத்தில் மூக்கு உயர்ந்து நிற்கும், அதன் அடியில் மண் சிக்கும், வார்த்தபின் கைபட்டு முதலில் தேய்வதும் அதுதான். பக்கவாட்டில் முகத்தின் அடையாளமெல்லாம் ஒரு வெளிக்கோட்டில் வந்துவிடும், மாதிரியும் அச்சைக் கிழிக்காமல் கழன்று வரும். இரண்டு அச்சுப் பாதிகளையும் தேவையான தடிமனுக்கு இடைவெளி விட்டுச் சேர்த்து, விளிம்பில் உலோகம் ஊற்ற ஒரு வாயும், காற்று வெளியேற மெல்லிய வழிகளும் வெட்டி, முழுக்கக் காயவைத்துச் சூடாக்க வேண்டும். பிறகு வெண்கலம்: செம்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வெள்ளீயம், பல பதக்கங்களில் காரீயமும் துத்தநாகமும் சேர்ந்திருக்கும். இந்தக் கலவை உருகி நிற்க 1000 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். காரீயம் 327 டிகிரியிலேயே உருகி நுணுக்கத்துக்குள் ஓடும் என்பதால் முதலில் அதில் ஒரு சோதனை வார்ப்பு எடுப்பதும் உண்டு.

கெடுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில். அச்சில் ஈரம் மிச்சமிருந்தால் நீராவியாகி ஊசித்துளைகள் விழும். ஈரம் அதிகமென்றால் உலோகமே வெளியே தெறிக்கும், ஆளுக்கு ஆபத்து. அச்சு குளிர்ந்திருந்தால் அல்லது உலோகம் சூடு போதாமல் இருந்தால் எழுத்துகளின் மூலை மழுங்கும், ஊற்றுவாய்க்கு எதிர்ப்புறம் விளிம்பு நிரம்பாமல் நிற்கும். அளவுமீறிச் சூடான உலோகம் வாயுவை இழுத்துக்கொள்ளும், மண்ணைச் சுட்டு ஒட்டிக்கொள்ளும், மேற்பரப்பு சொரசொரக்கும். இரு பாதிகள் நழுவினால் ஒருபக்க விளிம்பு தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் வரும். வெள்ளீயம் கூடினால் உலோகம் நொறுங்கும். வார்ப்பு ஆறியபின் ஊற்றுவாயை அறுத்து, விளிம்பை அரத்தால் ராவி, வேண்டிய இடத்தில் சிற்றுளியால் சீர்செய்வார்கள். உளி அதிகம் பட்டிருந்தால் வார்ப்பு சரியில்லை என்று சந்தேகப்படலாம். நல்ல பிசனெல்லோ வார்ப்புகளில் உளித்தடம் மிகக் குறைவு. நிறம் கடைசி: 1504இல் பொம்பொனியோ கௌரிகோ தன் சிற்ப நூலில் பச்சைக்கு உப்புக் காடி, கருமைக்கு ஈர வைக்கோல் புகை என்று எழுதுகிறார்.

பதினாறாம் நூற்றாண்டில் எஃகு அச்சும் திருகு இயந்திரமும் வளர வளர, அடித்த பதக்கங்கள் பெருகின. அளவு 3, 4 சென்டிமீட்டருக்குச் சுருங்கும், புடைப்பு தாழும், ஆனால் ஒரே அச்சில் நூற்றுக்கணக்கில் அடிக்கலாம். ஆட்சியின் கையில் இருக்கும் நாணயச்சாலைக்கு இது வாகான வேலை. செய்தியின் தொனியும் மாறியது. 1572 ஆகஸ்டில் பாரிசில் புராட்டஸ்டன்டுகள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டபோது போப் பதின்மூன்றாம் கிரெகரி அடிக்கச் சொன்ன பதக்கத்தில், ஒரு கையில் சிலுவையும் மறுகையில் வாளும் ஏந்திய தேவதூதன் விழுந்து கிடப்பவர்கள்மேல் பாய்கிறான். எழுத்து 'ஹியூகனாட்டுகளின் படுகொலை 1572'. புதிர் இல்லை, ஒற்றைக்கொம்பு விலங்கு இல்லை. பிற்பாடு புராட்டஸ்டன்ட் எழுத்தாளர்கள் போப்புக்கு எதிராகக் காட்டிய சான்றுகளில் அந்தப் பதக்கமும் ஒன்று. அடித்த பதக்கமும் சில நேரம் வீணாகும்: 1521இல் நியூரம்பெர்க் நகரவை, ஓவியர் ட்யூரரின் வடிவமைப்பில் ஐந்தாம் சார்லஸுக்குப் பரிசளிக்க 100 வெள்ளிப் பதக்கங்களுக்கு ஏற்பாடு செய்தது. அங்கே கூடவிருந்த பேரரசின் பேரவை, கொள்ளைநோயால் வோர்ம்ஸ் நகருக்கு மாறிப்போனது. பேரரசர் அந்த முறை வரவே இல்லை.

இனி கேள்வியின் கடைசிப் பகுதி. வார்ப்புப் பதக்கத்தில் அசல் என்பது வழுக்கலான சொல். மாதிரியிலிருந்து நேராக எடுத்த முதல் வார்ப்புகள், அந்த வார்ப்பையே மாதிரியாக வைத்து அதே நூற்றாண்டில் எடுத்த நகல்கள், பதினெட்டு பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேகரிப்பாளர்களுக்காக எடுத்தவை, எல்லாம் ஒரே முகத்தோடுதான் இருக்கும். ஏமாற்றும் நோக்கம் இல்லாமலே செய்த நகல்கள் ஏராளம். பிரித்தறிய முதல் கருவி அளவுகோல். வெண்கலம் உறைந்து ஆறும்போது நீளத்தில் ஏறத்தாழ ஒன்றரை சதவீதம் சுருங்கும். 100 மில்லிமீட்டர் பதக்கத்தின் நகல் 98.5, அதன் நகல் 97 என்று இறங்கும். ஆனால் வெளி விளிம்பை அளக்காதீர்கள். அதை அரத்தால் எவ்வளவு வேண்டுமானாலும் ராவியிருக்கலாம். எழுத்து வட்டத்தின் உள்கோட்டிலிருந்து எதிர் உள்கோடு வரை, அல்லது மூக்கு நுனியிலிருந்து பிடரி வரை வெர்னியரில் அளந்து, நல்ல அருங்காட்சியகப் பிரதியின் அதே இடத்து அளவோடு ஒப்பிடுங்கள். அதே பதக்கத்தை அடையாளம் காட்ட, பதக்க ஆய்வாளர் ஹில் 1930இல் வெளியிட்ட தொகுப்பின் எண்தான் இன்றும் பொதுமொழி: பாலியோலோகஸ் ஹில் 19, செசிலியா ஹில் 37.

அடுத்து உருப்பெருக்கிக் கண்ணாடி. எழுத்தின் அடி பரப்போடு சேரும் மூலை கூராக இருக்கிறதா, சோப்பில் அழுத்தியதுபோல் வழிந்திருக்கிறதா? மயிரிழைகள் தனித்தனியா? முந்தைய வார்ப்பில் இருந்த ஊசித்துளை, நகலில் உலோகத்தோடு சேர்ந்த மழுங்கிய குழியாக வரும். தொங்கவிடப் போட்ட துளையை அடைத்த தடம்கூட நகலில் பதிந்துவிடும். உண்மையான தேய்மானம் மேடுகளில் மட்டும் இருக்கும். பள்ளத்திலும் மங்கல் என்றால் அது தேய்மானம் இல்லை, நகல். விளிம்பைச் சுற்றி ஒரே நேர்க்கோட்டில் மூட்டு தெரிந்து, எடையும் வழக்கத்துக்கு மாறாக இருந்தால், பத்தொன்பதாம் நூற்றாண்டு மின்முலாம் முறையில் எடுத்த இரண்டு ஓடுகளை ஒட்டியதாக இருக்கலாம். பெரிய அருங்காட்சியகங்களே படிப்புக்காக இப்படிப் பிரதி எடுத்தன.

உலோகப் பரிசோதனையை அளவோடு நம்புங்கள். பழைய முறையில் துத்தநாகக் கனிமத்தோடு செம்பைச் சுட்டுப் பித்தளை செய்தால் துத்தநாகம் 30 சதவீதத்தை ஒட்டி நின்றுவிடும். 35, 38 என்று வந்தால் உலோகம் மறுமலர்ச்சிக் காலத்தது இல்லை என்று சொல்லலாம். குறைவாக வந்தால் அதை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது. பழைய வெண்கலத்தை உருக்கி நேற்றும் வார்க்கலாம். எக்ஸ்-கதிர்க் கருவி மேல்தோலை மட்டுமே படிக்கும் என்பதால், பூச்சும் துருவும் இருந்தால் எண்கள் விலகும். பாட்டினாவை, அதாவது மேற்பரப்பில் படிந்த நிறத்தை, வைத்துக் காலம் சொல்வது இன்னும் பலவீனம்; நகலெடுப்பவர் முதலில் கற்றுக்கொள்வதே அதைத்தான்.

கையில் ஒன்று இருந்தால், மெருகுப் பசை போட்டுத் தேய்க்காதீர்கள். ஒரே தேய்ப்பில் நிறமும் உயர்ந்த முடியிழைகளும் போகும். நைட்ரைல் கையுறை போட்டு விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள். வெளிர்பச்சைப் பொடிப் புள்ளிகள் வந்தால் அது குளோரைடு அரிப்பு. தனியாக எடுத்து, சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்படி வைத்து, உலோகப் பாதுகாப்பு வல்லுநரிடம் காட்டுங்கள். பிவிசி உறைகள் வேண்டாம். காரீய வார்ப்பாக இருந்தால் தேக்கு, ஓக் என்று எந்த மர இழுப்பறையும் வேண்டாம், அட்டைப்பெட்டியும் அமிலமற்றதாக இருக்கட்டும். மரத்திலிருந்து வரும் அசிட்டிக் அமில ஆவி காரீயத்தை வெள்ளைப் பொடியாக்கிவிடும். நேரில் பார்க்க ஃபிளாரன்ஸின் பார்ஜெல்லோ, லண்டனின் பிரிட்டிஷ் மியூசியம், விக்டோரியா அண்ட் ஆல்பர்ட், பெர்லினின் போடே, வாஷிங்டனின் நேஷனல் கேலரி, நியூயார்க்கின் ஃப்ரிக் ஆகியவற்றில் நல்ல பிரதிகள் உண்டு. கண்ணாடிப் பெட்டியில் ஒரு பக்கம்தான் தெரியும். பல அருங்காட்சியகங்கள் இரு பக்கப் படமும் அளவும் இணையத்தில் வைத்திருக்கின்றன, போவதற்கு முன் பின்பக்கத்தை அங்கே பார்த்துக்கொள்ளுங்கள்.